நாமே திறந்துவிடும் கதவு: வீட்டு கம்ப்யூட்டரைக் காப்பது எப்படி?

மகளின் காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணம், பழனிக்கு நடந்து போனது, மறைந்த பாட்டியின் கடைசிப் பொங்கல் என்று பத்து வருடப் படங்கள் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. காலையில் திறந்தால் ஒரு படமும் விரியவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் 'ஜேபிஜி' என்பதற்குப் பின்னால் புதிதாக நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்ற பெயரில் ஒரு குறிப்பு. ஃபைல்கள் திரும்ப வேண்டுமென்றால் 980 டாலர் கொடு. 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர் போதும் என்கிறது அந்தக் குறிப்பு.

'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியூ' என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் தாக்கிய வீடுகளில் காணக் கிடைத்த காட்சி இது. பெரிய நிறுவனங்களைக் குறிவைக்கும் ரான்சம்வேர் கும்பல்கள்தான் செய்திகளில் அடிபடும். ஸ்டாப் குறிவைத்தது சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர்களை. 2018-ன் கடைசியில் வேகமெடுத்து, அடுத்த சில ஆண்டுகளில் உலகிலேயே மிக அதிகமானோர் புகார் செய்த ரான்சம்வேராக வளர்ந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இத்தனை வீடுகளுக்குள் அது எப்படி நுழைந்தது? எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களே டவுன்லோடு செய்து, டபுள் கிளிக் செய்து, உள்ளே கூட்டி வந்தார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரை ஓசியில் ஓட்டவைக்கும் 'க்ராக்' வடிவத்தில்தான் அது வந்தது.

"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கோங்க!"

ஒரு க்ராக் ஃபைல் வீட்டுக்குள் வரும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கல்லூரிப் பையன் ஒருவன் போட்டோஷாப்புக்கு க்ராக் தேடுகிறான். கிடைத்த பக்கத்தில் ஒரு ஜிப் ஃபைல் இருக்கிறது. அதற்கு பாஸ்வேர்டு உண்டு. அந்த பாஸ்வேர்டும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைத்த பிறகு எதற்காக பாஸ்வேர்டு? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான்.

அடுத்து, 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும். அது தவறாக வைரஸ் என்று காட்டும்' என்று ஒரு குறிப்பு. பையன் நம்புகிறான், ஆஃப் செய்கிறான். வீட்டில் இருந்த ஒரே காவலாளியையும் அவனே வெளியே அனுப்பிவிடுகிறான்.

ஃபைலைத் திறந்ததும் விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல ஒரு ஜன்னல் வருகிறது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைத்து அவன் சாப்பிடப் போகிறான். பின்னால் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. ஸ்டாப் ஒரு ஃபைலை முழுதாகப் பூட்டுவதுகூட இல்லை. முதல் 150 கேபி அளவை மட்டும் குலைத்துப்போடுகிறது. ஒரு படத்தைத் திறக்க முடியாமல் செய்ய அதுவே போதும். அதனால்தான் பல்லாயிரம் ஃபைல்களைக் குறைந்த நேரத்தில் அதனால் முடித்துவிட முடிகிறது. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் விண்டோஸின் நிழல் பிரதிகளையும் அழித்துவிடுகிறது. பல வீடுகளில் 'அசோரல்ட்' என்ற பாஸ்வேர்டு திருடியையும் கூடவே இறக்கிவிட்டது. படங்கள் போனது மறுநாள் காலையே தெரிந்துவிடும். பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள் போனது பல வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

கடையிலேயே தொடங்கும் தவறு

பையனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நம் ஊர்களில் உதிரிப் பாகங்களை வாங்கிப் பூட்டித் தரும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் பலவும் க்ராக் செய்த விண்டோஸோடுதான் வீட்டுக்கு வருகிறது. "விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டுத் தந்துடறேன் சார்" என்று கடைக்காரர் சொல்லும்போது அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. விண்டோஸை உரிமம் பெற்றதாக ஏமாற்றும் 'ஆக்டிவேட்டர்' கருவிகள் வழியாகவே பல வைரஸ்கள் பரவியிருக்கின்றன. அந்தக் கருவி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் உரிமம் உள்ள விண்டோஸை பில்லோடு கேட்டு வாங்குங்கள். காசு கட்டுப்படியாகாது என்றால் லினக்ஸ் இருக்கிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம். கடிதம் அடிக்க, கணக்குப் போட, இணையம் பார்க்க, தமிழில் டைப் செய்ய எல்லாவற்றுக்கும் அது போதும். விண்டோஸிலேயே இருப்பவர்களுக்கும் நேர்மையான இலவச சாஃப்ட்வேர்கள் நிறைய உண்டு. ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ், படத்தைத் திருத்த கிம்ப், வரைய கிரிட்டா, வீடியோ பார்க்க விஎல்சி. அந்தந்த சாஃப்ட்வேரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். அதே பெயரில் போலித் தளத்துக்கு விளம்பரம் கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆன்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டுமா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் கூடவே வருகிறது. அதை அணைக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. கூடுதல் வசதியும் தொலைபேசி உதவியும் வேண்டும் என்பவர்கள் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவற்றை வாங்கலாம். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் ஓடவிடக் கூடாது. ஒன்றை ஒன்று தடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை முடக்கிவிடும். டிஃபென்டரில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' பகுதிக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செய்தால், அறிமுகமில்லாத எந்த சாஃப்ட்வேரும் உங்கள் படங்கள், ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது.

59 நாள் அவகாசம்

"அப்டேட்டா? அப்புறம் பார்த்துக்கலாம்!" என்று தள்ளிப்போடாத வீடு குறைவு. அந்த 'அப்புறம்' எவ்வளவு விலை கேட்கும் என்பதை 2017 மே 12 அன்று உலகம் பார்த்தது.

அன்று தாக்கிய 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் பரவ யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவியை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ரகசியமாக வைத்திருந்தது. அது வெளியே கசிந்து குற்றவாளிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சில நாட்களில் ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. கேரளத்தில் வயநாட்டின் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்களும், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் ஆலையும் அதற்குத் தப்பவில்லை.

இதில் வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு 59 நாட்கள் முன்பு! முடங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்டேட்டைப் போட்டிருந்தால் அவை தப்பியிருக்கும்.

ஓர் அப்டேட் வெளிவந்த நாளிலேயே, அது எந்த ஓட்டையை அடைக்கிறது என்று குற்றவாளிகளும் ஆராயத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் அப்டேட் வந்த பிறகுதான் ஆபத்து கூடுகிறது. விண்டோஸ், பிரவுசர் இரண்டிலும் தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைக்காதீர்கள். இரவில் ஷட்டவுன் செய்யும்போது 'அப்டேட் அண்ட் ஷட்டவுன்' என்று கேட்டால் அதையே அழுத்துங்கள்.

இப்போது விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும். அதற்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் பெறும் திட்டம் உண்டு. செட்டிங்ஸில் அப்டேட் பகுதியில் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு, கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் விண்டோஸ் 11, தாங்காது என்றால் லினக்ஸ். விண்டோஸ் 7-லேயே வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருப்பவர்கள் அதை இன்றோடு நிறுத்துங்கள். அதற்கு அப்டேட் நின்றுபோனது 2020 ஜனவரியில்.

பெயரை நம்பாதே, வாலைப் பார்

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெயிலோடு ஒரு காதல் கடிதம் இணைத்து வந்தது. பார்க்க சாதாரண எழுத்துக் கோப்பு போல, பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அது கட்டளைகளை ஓட்டும் நிரல். ஃபைலின் கடைசி வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை.

கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸ் அதே பழக்கத்தோடுதான் வருகிறது, ஏமாற்றும் அதே வழியில்தான் நடக்கிறது. இன்றைக்குக் காதல் கடிதத்துக்குப் பதிலாக கூரியர் ரசீது, மின்கட்டண பாக்கி, வருமான வரி நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வருகிறது. 'இன்வாய்ஸ் பிடிஎஃப்' என்று தெரியும் ஃபைலுக்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' ஒளிந்திருக்கலாம்.

ஒரு நிமிட வேலை இது: விண்டோஸ் 11-ல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இனி ஒவ்வொரு ஃபைலின் உண்மையான வாலும் தெரியும். கடிதம், பில், பத்திரிகை என்று வந்த ஃபைல் 'இஎக்ஸ்இ', 'எஸ்சிஆர்', 'விபிஎஸ்', 'ஜேஎஸ்', 'எல்என்கே' என்று முடிந்தால் திறக்கவே கூடாது. போனில் 'ஏபிகே' என்று முடிவதற்கும் இதே விதிதான்.

வீட்டில் எல்லோரும் அட்மினா?

விண்டோஸில் முதலில் உருவாக்கும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. எதையும் இன்ஸ்டால் செய்யலாம், எதையும் அழிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் தாத்தா முதல் ஆறாவது படிக்கும் பேத்தி வரை எல்லோரும் இந்த ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். அதில் நுழைந்த வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' பகுதிக்குப் போய், தினசரி வேலைக்கு ஒரு 'ஸ்டாண்டர்டு யூஸர்' கணக்கு தொடங்குங்கள். பிள்ளைகளுக்குத் தனி, பெரியவர்களுக்குத் தனி. அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு பொறுப்பான ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது அந்த பாஸ்வேர்டைக் கேட்கும். பிள்ளை வந்து, "அப்பா, பாஸ்வேர்டு போடு" என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில், "எங்கேயிருந்து எடுத்தே? எதுக்கு?" என்று விசாரித்துவிடலாம். க்ராக் பலவும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு மேடம்"

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, சைரன் சத்தம், அழைக்கச் சொல்லி ஒரு போன் நம்பர். அல்லது அந்தப் பக்கத்திலிருந்தே போன் வரும். பேசுகிறவர் மரியாதையாக, பொறுமையாகப் பேசுவார். 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறக்கச் சொல்வார். அங்கே சிவப்பும் மஞ்சளுமாக வரிசை வரிசையாக எச்சரிக்கைகள் இருக்கும். "பார்த்தீங்களா, இத்தனை எரர்!" என்பார். உண்மையில் நல்ல நிலையில் ஓடும் எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும். அது அன்றாடக் குறிப்பேடு, அவ்வளவுதான்.

அடுத்து எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் எண்ணைக் கேட்பார். அந்த எண்ணைச் சொன்ன நொடியில் உங்கள் மவுஸ் அவர் கைக்குப் போய்விடும். இவை நேர்மையான வேலைக்கான கருவிகள்தான். ஆனால், இவற்றின் வழியாக நடக்கும் பண மோசடி பற்றி 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

மைக்ரோசாஃப்ட்டோ, வங்கியோ, போலீஸோ உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று தாமாகக் கூப்பிட மாட்டார்கள். போனை வைத்துவிடுங்கள். சைரன் அடிக்கும் பக்கத்தை மூட முடியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் 'டாஸ்க் மேனேஜர்' ஜன்னலில் பிரவுசரை நிறுத்துங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் திட்டாமல் கேட்போம் என்ற உறுதியையும் கொடுங்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து மறைப்பதால் பறிபோகும் பணம் அதிகம்.

ஒரே சாவி, எல்லாப் பூட்டுக்கும்

'ராக்யூ' என்ற நிறுவனத்திலிருந்து 2009-ல் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் களவுபோயின. அவற்றில் ஏறக்குறைய 2,90,000 பேர் வைத்திருந்தது '123456'. இப்படி எங்கோ ஒரு தளத்தில் களவுபோன மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் எடுத்து, வங்கி, மெயில், ஃபேஸ்புக் என்று ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்ப்பதைக் குற்றவாளிகள் எந்திரத்தனமாகச் செய்கிறார்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்திருப்பவர் முழுவதுமாகச் சிக்குகிறார்.

சின்ன பாஸ்வேர்டில் சிக்கலான குறிகளைப் போடுவதைவிட நீளமாக வைப்பது மேல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், கண்டுபிடிக்கவும் கடினம். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக வைத்து, பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரில் சேமியுங்கள். மெயில், வங்கிக் கணக்கு இரண்டுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். மெயில் போனால் எல்லாம் போகும்; மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் லிங்க் அங்கேதான் வருகிறது.

வீட்டு வைஃபை ரவுட்டரையும் மறக்காதீர்கள். 2016-ல் 'மிராய்' என்ற நிரல், தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த 'அட்மின்' போன்ற அறுபத்துச் சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்று லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அந்தப் படையை ஏவித்தான் அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களைத் திணறடித்தார்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்கள். லைன் போட வருகிறவரிடமே எப்படி என்று கேட்டு, அவர் போன பிறகு நீங்களே மாற்றுங்கள்.

கடைசி அரண்: கழற்றி வைத்த பேக்கப்

இத்தனையும் செய்தும் ஒருநாள் ஏதோ ஒன்று உள்ளே வந்துவிடலாம். அன்றைக்குக் காப்பாற்றப்போவது பேக்கப் மட்டுமே. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவான விதி. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ ஒன்று.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்க்கைச் செருகியபடியே விட்டுவிடுகிறார்கள். ரான்சம்வேர் அதையும் ஒரு டிரைவாகத்தான் பார்க்கும்; படங்களோடு பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்து முடித்ததும் கழற்ற வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த டிஸ்க்கிலிருந்து சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

* முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். செருகியிருக்கும் டிஸ்க், பென் டிரைவ்களைக் கழற்றுங்கள்.

* மிரட்டல் குறிப்பையும் மாறிப்போன ஃபைல் பெயர்களையும் போனில் படம் எடுங்கள்.

* "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சர்வீஸ் கடையில் சொன்னால் அவசரப்படாதீர்கள். பூட்டிய ஃபைல்களை ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகே ஃபார்மட். ஸ்டாப்பின் 148 வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. புதிய வகைகள் பலவற்றை அதனால் திறக்க முடியாது. ஆனால், 'டெஸ்லாகிரிப்ட்' கும்பல் 2016-லும் 'ஷேடு' கும்பல் 2020-லும் தாமாகவே சாவிகளை வெளியிட்டிருக்கின்றன. காத்திருப்பதில் நஷ்டமில்லை.

* ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் முதலானவை நடத்தும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் உங்களைத் தாக்கிய வகைக்கு இலவசக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினால் ஃபைல் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, அடுத்த வீட்டைத் தாக்க அவர்களுக்கு முதலீடாகும்.

* வேறொரு சுத்தமான கம்ப்யூட்டர் அல்லது போனிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

* வங்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். தவறு வங்கிமீதும் உங்கள்மீதும் இல்லாத மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் சொன்னது. ஓடிபியையோ பாஸ்வேர்டையோ நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் நம் தலையில்தான்.

* கம்ப்யூட்டரில் ஒளிந்திருக்கும் நிரல்களைத் தேடி நீக்கும் இலவசக் கருவிகளை மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தருகிறது.

ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்

மேலே சொன்னவற்றில் கம்ப்யூட்டர் படித்தவருக்கு மட்டுமே முடியும் என்ற வேலை ஒன்றுகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். முடியாமல் போவதற்குக் காரணம், இது யாருடைய வேலை என்று வீட்டில் யாரும் முடிவு செய்யாததுதான். கேஸ் புக் செய்ய ஒருவர் இருக்கிறார், கரன்ட் பில் கட்ட ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டரை அப்டேட் செய்யவும் பேக்கப் எடுக்கவும் ஒருவரை நியமியுங்கள். கல்லூரி போகும் மகளோ மகனோ இருந்தால் அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். க்ராக் தேடும் கைகளிடம் காவல் பொறுப்பு வந்தால், தேடுவதும் நின்றுபோகும்.

நிரல்களை மீண்டும் போட்டுக்கொள்ளலாம், பழுதான கம்ப்யூட்டரை மாற்றிக்கொள்ளலாம், பணத்தைக்கூடச் சில சமயம் மீட்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத குடும்பப் படங்களை மட்டும் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் சொன்ன மற்ற எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை. படங்களையும் பத்திர நகல்களையும் ஒரு டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைக்கும் வேலையை மட்டும் இன்று ராத்திரியே முடித்துவிடுங்கள்.